இமயமலை உப்பு தின்னும் சட்ராஸ் தம்பிக்கு

இன்னா தம்பி, மூஞ்சி வாடிக் கீது? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனை நோண்ட வேண்டியது, விடிஞ்சா 'அசதியா கீது, தைராய்டா இருக்குமோ'ன்னு பொலம்ப வேண்டியது. மொதல்ல தூங்கிப் பாத்தியா?

சரி, தூங்கியும் அசதி போவல. முடி கொட்டுது, உடம்பு ஊதுது, சித்திர வெய்யில்லயும் குளுருது. அப்ப பாத்துட வேண்டியதுதான். அதுக்கு எதுக்குடா எழுபது எண்பது டெஸ்ட் வச்ச பேக்கேஜு? ஆஃபர்னா ரத்தத்தையும் அள்ளிக் குடுத்துடுவியா? மொதல்ல டிஎஸ்எச் ஒண்ணு போதும். அது கோணலா வந்தா ஃப்ரீ டி4 எழுத டாக்டருக்குத் தெரியும்.

டிஎஸ்எச் ஜாஸ்தின்னு சீட்டுல வந்தா, சுரப்பி ஜாஸ்தியா வேலை செய்யுதுன்னு பீத்திக்காத. வண்டிமாடு சண்டித்தனம் பண்ணா ஓட்டுறவன் தொண்டை கிழியக் கத்துறான் இல்ல? அந்தக் கத்தல்தான் அது. மூளைக்கு அடியில கீற பிட்யூட்டரி போடுற சத்தம். பெரியவங்களுக்கு சுமாரா 0.4-லேர்ந்து 4 வரைக்கும் சரி. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், புள்ளத்தாச்சிக்குக் கணக்கே வேற. 5 வந்ததுக்கெல்லாம் ஒப்பாரி வெக்காத. ரெண்டு மூணு மாசம் பொறுத்து இன்னொரு தபா பாப்பாங்க, பல பேருக்குத் தானாவே எறங்கிக் கெடக்கும். இதுக்குப் பட்டினியும் கெடக்க வேணாம். ஆனா ராத்திரி ஏறி மத்தியானம் எறங்குற கணக்கு அது. போன தபா காலையில குடுத்தியா, இந்தத் தபாவும் காலையிலயே குடு.

முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை முழுங்குறியே, அதை லேப்ல சொன்னியா? மாட்டே. அது ரத்தத்துல கெடந்தா மிஷினே ஏமாந்து தப்புக் கணக்கு சொல்லும். ரெண்டு நாளு முன்னாடியாவது நிறுத்து.

இப்ப உன் அடுப்படிக்கு வரேன். அது இன்னாடா ரோஸ் கலர்ல? இமயமலை உப்பா! செய்யூரு, மரக்காணம்னு தெக்கால உப்பளமா கெடக்க, நீ மலைய அரைச்சித் தின்ற. அந்த இமயமலை அடிவாரத்துலதான்டா ஜனங்க கழுத்து வீங்கித் திரிஞ்சாங்க. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேணும், அந்த மண்ணுல அது இல்ல. காங்க்ரா பள்ளத்தாக்குல டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவரு ஆளுங்களும் 1956-லேர்ந்து அயோடின் உப்பு குடுத்துப் பாத்தாங்க, கழலை கொறஞ்சிச்சி. 1962-ல சர்க்காரு திட்டமே போட்டுச்சி. அயோடின் கலக்காத உப்பை சாப்பாட்டுக்கு விக்கக் கூடாதுன்னு 2006-ல சட்டம் வந்துச்சி.

'நான் கடலோரத்தான், எனக்கெதுக்கு'ன்னு மொறைக்காத. கடல் உப்புல அயோடின் சொற்பம்தான். மீனுல கீது. நீதான் டயட்டுன்னு மீனையும் வுட்டுட்டியே! அதுக்காக கடல்பாசி மாத்திரை வாங்கிக் கொட்டிக்காத, ஜாஸ்தியானாலும் சுரப்பி கெடும். எல்லாப் பழியும் உப்பு மேலயும் போடாத. இப்பல்லாம் பல பேருக்கு சொந்த உடம்பே சுரப்பிகிட்ட சண்டைக்குப் போறதுதான் காரணம். எந்தக் கலர் உப்பு வாங்கினாலும் அந்தச் சண்டை தீராது.

டாக்டரு தைராய்டு மாத்திரை எழுதினா விடியல்ல வெறும் வயித்துல தண்ணியோட போடு. காப்பி அரைமணி ஒரு மணி கழிச்சி. இரும்பு, கால்சியம் மாத்திரை நாலு மணி தள்ளி. ஆறு எட்டு வாரம் கழிச்சித்தான் மறுடெஸ்ட். அதுக்குள்ள வாராவாரம் கையை நீட்டி லேப்காரனை வாழ வெக்காத.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் காலையிலயே போய் ஓபி சீட்டு போடு. ரிசல்ட்டை என்கிட்ட நீட்டாத, எனக்குக் கண்ணு மங்கல். கூகுள்கிட்டயும் நீட்டாத, அதுக்கு உன் மூஞ்சியே தெரியாது.