வெள்ளை மாளிகைக்கு ஒரு மனு

கேள்வி: எஃப்.பி.ஐ. அத்துமீறினால் அமெரிக்கக் குடிமக்கள் ஜனாதிபதியிடம் பாதுகாப்புக் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் மனுவின் நகலை நீதிமன்றத்துக்கும் செனட்டருக்கும் பத்திரிகைக்கும் அனுப்பிவிடுவது நல்லது. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963-இல் அனுமதி தந்தவர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, ஜனாதிபதியின் சொந்தத் தம்பி! மறு ஆண்டே, கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டும் தொனியில் ஒரு மொட்டைக் கடிதத்தையும் ஒலிநாடாவையும் எஃப்.பி.ஐ. அனுப்பியது. அதே 1964-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அது வேவு பார்த்த சேதிகள் ஜனாதிபதி ஜான்சனின் வெள்ளை மாளிகைக்கே போய்ச் சேர்ந்தன. வேலி மேய்ந்த பயிரில் தோட்டக்காரருக்கும் பங்கு இருந்தால் யாரிடம் முறையிடுவது?

"எஃப்.பி.ஐ. ஜனாதிபதிக்குக் கீழ்தானே, ஓர் உத்தரவு போதாதா?" என்பீர்கள். ஆனால் எட்டு ஜனாதிபதிகளின் காலத்தில், 1972-இல் சாகும்வரை 48 ஆண்டுகள் ஹூவர் எஃப்.பி.ஐ. இயக்குநர் நாற்காலியில் இருந்தார். 1971-இல் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து சாமானியர் சிலர் கோப்புகளைத் தூக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய பிறகுதான் குட்டு உடைந்தது. 1975-இல் செனட்டின் சர்ச் கமிட்டி மிச்சத்தைத் துருவி எடுத்தது.