மாரியில் பூத்த கொன்றை

சித்திரையில் பூக்கிற கொன்றை மார்கழியிலேயே பூத்து நிற்கிறதே, மரத்துக்குப் புத்தி பிசகிவிட்டதா?
– வாசகர், சம்மாந்துறை

மரம் தெளிவாகத்தான் இருக்கிறது, மழைதான் பிசகியிருக்கும். கல்முனையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. பகலின் நீளம் இவ்வளவு கொஞ்சமாய் மாறும் இடத்தில், மரத்துக்கு மழையும் வெயிலும்தான் பெரிய கலண்டர். வாடைக்காற்று மழை நடுவில் நின்று சில கிழமை வெயில் எறித்தால், கோடை வந்ததென்று கொன்றை மொட்டு விடக்கூடும்.

இதெல்லாம் இந்தக் காலத்துப் புதினம்தானே?
– வாசகி, நிந்தவூர்

குறுந்தொகை 66ஆம் பாட்டைப் பாருங்கள். கார்காலத்தில் வருவதாகச் சொல்லிப்போன தலைவனைக் காணவில்லை, அந்தப் பாட்டில் காருக்கு அடையாளமான கொன்றையோ பூத்துவிட்டது. பருவமில்லா மழையைப் பருவமழையென்று நம்பிய மடமரம் அது என்று தோழி தேற்றுகிறாள். ஆக, ஒரு மரம் ஒரு வருடம் தப்புவது ஈராயிரம் வருடப் பழசு. ஊர் மரங்களெல்லாம் வருடா வருடம் தப்பினால்தான் கவலைப்பட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கையில் திகதி வேண்டும். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூத்த நாளை 9ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதி வருகிறார்கள். அதனால்தான் 2021 மார்ச் 26, அதுவரையான அத்தனை காலத்திலும் மிக முந்திய பூப்பு என்று அவர்களால் அப்போது அடித்துச் சொல்ல முடிந்தது.

காலம் தப்பிய பூ சுனாமிக்கு அறிகுறியாமே?
– மருதமுனை

2004 டிசம்பர் 26இல் பெயர்ந்தது சுமாத்ராவுக்கு அருகே கடலடி நிலம். நம் வேலிச் செடியின் வேர் அவ்வளவு தூரம் போவதில்லை. பூவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கடற்கரை அடம்பனும் மாரியில் பூக்கிறது. காலம் தப்பிய பூக்களின் கணக்கில் சேர்க்கலாமா?
– சாய்ந்தமருது

வேண்டாம், அது வருடம் முழுக்கப் பூப்பது. காலையில் போய்ப் பாருங்கள்: ஊதாப் புனல், தொண்டைக்குள் இன்னும் கருத்த ஊதா, பின்னேரத்துக்குள் வாடிவிடும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள்; திரண்ட கொடிதான் கரைமணலைப் பிடித்து வைத்திருக்கிறது. துப்புரவு என்ற பெயரில் அதைப் பிடுங்காதீர்கள்.

கார்த்திகைப் பூ?
– அக்கரைப்பற்று

பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கிறது. அதைச் சந்தேகிக்காதீர்கள்.

சரி, நாங்கள் என்ன செய்ய?
– கல்முனை

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று போதும். எந்தப் பூ, எந்த இடம், என்ன திகதி, அதற்கு முந்திய மாதம் மழையா வெயிலா என்று எழுதுங்கள். இந்த மாரியிலேயே தொடங்குங்கள்.