மலைக்குப் போனவர் ஊரில் இல்லை

எம்.எல்.ஏ. தொகுதிப் பக்கமே வரவில்லை என்று இனி யாரும் புலம்ப வேண்டாம். வராமலே இருக்க அவருக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு என்ன சொல்கிறது? எம்.பி.யோ எம்.எல்.ஏ.யோ பதவிப் பொறுப்பின் காரணமாகத் தொகுதியில் இல்லாமல் போனால், அந்த ஒரு காரணத்துக்காக அவர் அங்கே குடியிருப்பவர் அல்ல என்று ஆகிவிடாது. சென்னை விடுதியிலும் டெல்லி குளிரிலும் ஐந்து வருடம் கழிக்கட்டும். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் பத்திரமாக இருக்கும். குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர் போன்றோருக்கும் அதே பிரிவில் தனி ஏற்பாடு உண்டு. பந்தி பரிமாறுகிற கை முதலில் தன் வீட்டாருக்குத்தான் வைத்திருக்கிறது.

2010இல் இன்னொரு திருத்தம் வந்தது. துபாயில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியர், அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கிவிடாத வரைக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள உள்ளூர் முகவரியில் வாக்காளராகலாம். நல்ல திருத்தம்தான், குறை சொல்ல மாட்டேன். பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர் ஊரை விட்டவர் ஆகமாட்டார் என்பது டெல்லிக்கு விளங்கிவிட்டது. மலை ஏறியவரைப் பற்றித்தான் இன்னும் விளங்கவில்லை.

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளுக்கு. போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்வதும், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் இரண்டு மாநிலத்து அதிகாரிகளுக்கும் தெரியும். வளைவில் வண்டி உருண்டால் நாலு நாள் சோதனை நடக்கும். அப்புறம் பழைய கதைதான். இருட்டின பிறகு வீடு திரும்பி, உலை வைத்து, பிள்ளைக்கு ஊட்டி, நாலு மணி நேரம் கண்ணயர்ந்து மறுபடியும் ஜீப்.

இவர்கள் ஊரில்தான் இருக்கிறார்களா என்று பார்க்க 2025 நவம்பர் 4ஆம் தேதி தேர்தல் ஆணையம் புறப்பட்டது. எஸ்.ஐ.ஆர். என்கிற சிறப்புத் தீவிரத் திருத்தம். முதலில் டிசம்பர் 4 வரை என்றார்கள், பிறகு 11 என்றார்கள், கடைசியில் 14 என்றார்கள். ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருக்கிற மாதங்களாகப் பார்த்துத் தேதி குறித்த ஞானத்தை வணங்குகிறேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு வீட்டுக்கு மூன்று முறை வருவாராம். வரட்டும். கோம்பையில் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் ஒன்று நோயாளி, இல்லையென்றால் தொண்டு கிழம், அதுவும் இல்லையென்றால் பரீட்சைக்கு லீவு போட்ட பிள்ளை. மூன்று முறை தட்டினாலும் இதே மூன்று பேர்தான். தட்டுகிற அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியையாகவோ இருப்பார். சொந்த வேலையோடு இந்த வேலையையும் தலையில் கட்டிவிட்டார்கள்.

டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடி ஆனார்கள். நீக்கப்பட்ட 97.37 லட்சத்தில் செத்தவர்கள் 26.94 லட்சம். இரட்டைப் பதிவு 3.39 லட்சம். மீதியில் 66.44 லட்சம் பேர் இடம் பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள். இத்தனை பேரும் அநியாயமாக நீக்கப்பட்டவர்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஊரை விட்டே போனவர் யார், பொழுது சாய்ந்தால் திரும்பி வருகிற ஜீப்பில் போனவர் யார் என்று அந்தப் பெரிய எண் பிரித்துச் சொல்லவில்லை. தற்காலிகமாக வெளியே போனவர் குடியிருப்பை இழக்கமாட்டார் என்றும் அதே 20ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு அந்த வரியை யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை. கூலிக்காரர் மட்டும் படிவம் 6, நகல், புகைப்படம் எல்லாம் கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய்த் தான் ஊரில்தான் இருப்பதாக நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

சரி, மேலே போனால் கேரளாவாவது இவர்களைத் தன் ஆளாக எடுத்துக்கொள்கிறதா? அங்கே இவர்களுக்கு ‘இரட்டை ஓட்டுக்காரர்கள்’ என்று பட்டம். 2021 ஏப்ரல் 6இல் இரண்டு மாநிலமும் ஒரே நாளில் வாக்களித்தபோது இடுக்கி முழுக்க இதே பேச்சு. இரண்டு பக்கமும் பெயர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அது குற்றம்தான். ஆனால் சந்தேகம் எப்போதும் ஜீப்பில் இருப்பவர் மேல்தான் விழுகிறது. கீழே மாடி வீடும் மேலே எஸ்டேட்டுமாக இருக்கிறவரின் காரை நிறுத்தி நான் பார்த்ததில்லை. எஸ்டேட் குடியிருப்பான லயத்திலேயே பிறந்து வளர்ந்த பட்டியல் சாதிப் பிள்ளை சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததற்குக் காகிதம் எங்கே என்கிறார்கள். தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற சண்டையே 1956 வரைக்கும் ஓடியது. அரசாங்கங்களுக்கே தெளிவில்லாத காலத்தின் காகிதத்தை ஒரு கூலிக்காரரின் தாத்தா தகரப் பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டுமாம்! 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை விவகாரம் வெடித்தபோது இதே லயங்களிலிருந்து உயிருக்குப் பயந்து இறங்கி ஓடிவந்தார்கள். அடித்து விரட்டும்போது தமிழ்நாட்டுக்காரர். கணக்கெடுக்கும்போது கேரளாவுக்குப் போனவர்.

ஏலக்காய்க்கு இந்தத் தொல்லை இல்லை. இடுக்கியில் விளைந்து புத்தடியிலும் ஏலம் போகிறது, போடியிலும் ஏலம் போகிறது. எந்த ஊரில் குடியிருப்பு என்று யாரும் கேட்பதில்லை.

போய் வருகிறவர்கள் பாடு இது. போகவே விடாமல் வைக்கப்பட்டிருப்பவர்கள் பாட்டையும் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்திலும் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு முகாம் உண்டு. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்து, ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆக்கினார்கள். பலகைக்குப் பெயிண்ட் அடித்தவரும் முகாமைச் சேர்ந்தவராகவே இருந்திருப்பார். அங்கே பலருக்கு அதுதானே பிழைப்பு. அந்தப் பிழைப்புக்காக வெளியூர் போனாலும் தணிக்கை நாளுக்குத் திரும்பி வந்து முகத்தைக் காட்ட வேண்டும். வருவாய் ஆய்வாளர் வருவார், கியூ பிரிவு போலீஸ் வரும், பெயர் வாசிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். சிலர் முப்பத்தைந்து வருடமாக இப்படிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் கேட்பது என்ன? விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய பதினான்கு வருடத்தில் பதினொரு வருடம். முப்பத்தைந்து வருடக் குடியிருப்புக்கு அரசாங்கமே சாட்சி, அரசாங்கத்தின் ரிஜிஸ்தரே சான்று. இவ்வளவு பக்காவான ஆதாரம் இந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது? ஆனால் செல்லாது. முறையான ஆவணமில்லாமல் வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று 2003ஆம் ஆண்டுத் திருத்தம் தள்ளி வைத்துவிட்டது. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பதினாறு வாரத்தில் பரிசீலிக்கச் சொன்னது. ஆறே மாதத்தில் மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குப் பதினொரு வருடத்தை ஐந்தாகக் குறைத்துப் புதிய சட்டம் வந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் பெரிய மனது பண்ணி, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களைப் பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்க மாட்டோம் என்றார்கள். சிறைக்கு அனுப்பாமல் இருப்பதே சலுகை.

முகாமில் இருப்பவர்களில் கணிசமானோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழர். அவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1949இல் இலங்கை போட்ட சட்டம், 1946 ஜனவரி 1க்கு முந்தைய ஏழு வருடம் (மணமாகாதவரென்றால் பத்து வருடம்) இடைவிடாமல் அங்கே குடியிருந்ததை நிரூபிக்கச் சொன்னது. நோய்ப்பட்ட தாயைப் பார்க்க ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் கணக்கு அறுந்தது. தேயிலைக்காட்டு மஸ்டர் ரோலில் வெட்டின நாளும் பறித்த நாளும் இருந்தன; அவை துரைமாரின் சம்பளக் கணக்கோடு சரி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவின் பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆக, தேர்தல் ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இந்தப் பள்ளத்தாக்கில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆளை அனுப்புங்கள். தெருவும் வழியும் புரியாவிட்டால் கட்சிக்காரர்களைக் கேளுங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுக்க அவர்கள் அந்த நேரத்துக்குத்தான் வருகிறார்கள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் மலைக்குப் போயிருக்கிறார், எப்போது இறங்குவார் என்பதெல்லாம் அவர்கள் கையிலிருக்கும் பட்டியலில் ஒரு பிழையில்லாமல் இருக்கிறது.