உதைக்காத துப்பாக்கி

கே: என் மகனுக்கு 15 வயது. வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறான். தோளில் அதிகம் உதைக்காத ரைஃபிள் ஒன்று சொல்லுங்கள்.
– நெசவாளர், திருப்பருத்திக்குன்றம்

ப: தோளை உதைக்காதது கிடைக்கும், சட்டம் உதைக்காதது கிடைக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் அடக்கம். துப்பாக்கி உரிமத்துக்கு 21 வயது நிறைய வேண்டும். ஆனால் பையனின் ஆசையை அடக்காதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குத் திருப்பிவிடுங்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் என்றால் உரிமம் வேண்டாம்.

கே: உதை வாங்கித்தானே பழக வேண்டும்?

ப: உதையைவிடக் கெடுதல் அதன் நினைவு. பலமாக ஒன்று வாங்கியவன் அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவான், தோளைச் சுருக்குவான். குறி போயிற்று. அந்தப் பழக்கம் லேசில் விடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேட்டை ரைஃபிளின் தோட்டா சுமார் 10 கிராம். நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும். மூன்றரைக் கிலோ துப்பாக்கி நொடிக்கு 2 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் தோளில் வந்து மோதும். ஏர் ரைஃபிள் குண்டு அரை கிராம்தான், வேகம் 175 மீட்டர். துப்பாக்கி பின்வாங்குவதோ நொடிக்கு 2 சென்டிமீட்டர் அளவில்!

கே: கடையில் எதைப் பார்த்து வாங்க?

ப: ஸ்பிரிங் வைத்தது விலை மலிவு, ஆனால் உள்ளே பிஸ்டன் பாய்வதால் முன்னும் பின்னும் குலுங்கும். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வைத்தது ஏறக்குறைய அசையாது. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் விசையை எட்ட வேண்டும். வளர்கிற பிள்ளை என்று பெரிய சட்டை எடுப்பதுபோல இதை எடுக்காதீர்கள். முதலில் ரைஃபிள் கிளப்பில் பிடித்துப் பார்க்கட்டும். விளையாட்டுச் சாமானும் அல்ல, கண்ணைப் பறித்துவிடும்.

கே: காகிதத்தைச் சுடுவதில் என்ன வீரம்?

ப: நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 10 மீட்டர் தள்ளி நின்று 60 முறை அதைத் தேட வேண்டும். இதில்தான் அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கண் பழக்கம் புதிதா என்ன?

கே: ஏரியில் நாலு கொக்கு சுட்டால் என்ன குறைந்துவிடும்?

ப: விளைச்சல் குறையும். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் நின்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு எழுதிக் கொடுத்தார்.

கே: 'சமணர்களின் ஜின காஞ்சியான நம் ஊரில் துப்பாக்கிப் பேச்சா?' என்று என் அம்மா கோபிக்கிறார்.

ப: பாட்டியையே பேரனை அழைத்துப் போகச் சொல்லுங்கள். உங்கள் ஊர் திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தில், இருவரும் அண்ணாந்து பார்க்கட்டும். விதான ஓவியங்களில் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் கதையும் இருக்கிறது. தன் கல்யாண விருந்துக்கு அடைத்துவைத்திருந்த விலங்குகளின் கதறல் கேட்டு, மாப்பிள்ளைக் கோலத்திலேயே திரும்பிப் போனவர் அவர். அந்தக் கதையைப் பாட்டி சொல்லட்டும். மறுநாள் காலை நீங்கள் கிளப்புக்குக் கூட்டிப் போங்கள்.