செப்பலின்காரர்

பர்மிங்காமில் கொஞ்சம் பழைய பப் எதற்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். முன்மண்டை முடி எப்போதோ விடைபெற்றுப் போய்விட்டது. பின்மண்டை முடி மட்டும் 1973லேயே நின்றுவிட்டது. கறுப்பு டி-ஷர்ட். அதன் மார்பில் சிறகு விரித்த ஒரு மனிதன் இருந்தான். பல நூறு சலவைகளுக்குப் பிறகு மனிதன் போய்ச் சிறகு மட்டும் மிச்சம். எதிரே ஒரு கிளாஸ் பீர். அதை அவர் குடித்து முடித்து யாரும் பார்த்ததில்லை, வாய் ஓய்ந்தால்தானே?

உலகத்திலேயே பெரிய ராக் பேண்ட் எது என்ற கேள்வியை அவராக எழுப்ப மாட்டார். அது பொறுமையின்மை. பக்கத்து மேசையில் யாராவது தவறாக ஒன்றைச் சொல்லும்வரை காத்திருப்பார். மழையைப் பற்றிப் பேசினாலும் போதும், இரண்டே வாக்கியத்தில் அது 1971இல் வந்த, அட்டையில் பெயரே போடாத லெட் செப்பலின் நான்காவது ஆல்பத்தில் வந்து நிற்கும்.

தம் கட்சி உயர்ந்தது என்று அவர் வாதாடுவதே இல்லை என்பதைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டால்தான் கவனிக்க முடியும். அவருடைய வேலை மற்றவர்களின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்வது. எல்லோரும் கழிந்தபின் களத்தில் நிற்பது செப்பலின் மட்டும். போட்டியின்றித் தேர்வு.

முதலில் கழிபவர்கள் பீட்டில்ஸ். அதற்கு அவரிடம் இரண்டு காரணங்கள் தயார். எதிரே இருப்பவர் பீட்டில்ஸ் பக்தராக இருந்தால், "அவர்கள் எல்லாப் போட்டிக்கும் அப்பாற்பட்டவர்கள், அவர்களைப் போய் இதில் இழுக்கலாமா?" என்பார். பக்தர் இல்லையென்றால், "அது ராக்கே இல்லையே, பாப்" என்பார். இரண்டு காரணமும் ஒரே நாளில் ஒரே மேசையில் வெளிவந்ததுண்டு. யாராவது முரணைச் சுட்டினால் மூன்றாவது காரணம் வரும்: "1966 ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ. அதற்கப்புறம் மேடை ஏறினார்களா?" ஏறினார்களே, 1969 ஜனவரியில் லண்டனில் தங்கள் அலுவலக மொட்டை மாடியில் வாசித்தார்களே என்று சொல்லிப் பாருங்கள். "டிக்கெட் விற்றார்களா?" என்று கேட்பார். முடிந்தது.

ரிங்கோ ஸ்டார் மேல் அவருக்குத் தனிக் கோபம். பீட்டில்ஸ் குழுவுக்குள்ளேயேகூட ரிங்கோ சிறந்த டிரம்மர் இல்லை என்று ஜான் லெனனே சொல்லியிருக்கிறார் என்பார். லெனன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அது 1980களின் தொடக்கத்தில், லெனன் இறந்த பிறகு, பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் புழங்கிய ஜோக். அதைச் சொல்லிப் பரப்பியவர்களில் ஒருவரான ஜாஸ்பர் காரட் இதே பர்மிங்காம்காரர். உள்ளூர்ச் சரக்கை லெனன் முத்திரை குத்தி விற்கிறார் நம் ஆள். இடதுகைக்காரரான ரிங்கோ வலதுகைக்காரருக்காக அமைத்த டிரம்ஸில் உட்கார்ந்து வாசிப்பதால்தான் அந்தத் தாளத்துக்கு அப்படி ஒரு தனி நடை வருகிறது என்று சொன்னால் காது கேட்காது. 1968இல் ரிஷிகேசத்துக்குத் தியானம் பழகப் போன ரிங்கோ, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெட்டியில் பீன்ஸ் டப்பாக்களைக் கொண்டுபோனார் என்பது மட்டும் நன்றாகக் கேட்கும். அதையும் டிரம்ஸ் வாசிப்புக்கு எதிரான சாட்சியமாகச் சேர்த்துக்கொள்வார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் மீது குற்றச்சாட்டு வேறு: நிறுத்தத் தெரியாதவர்கள். 1962இல் தொடங்கியவர்கள் 2023இலும் புதிய ஆல்பம் போடுகிறார்கள். "இது இசைக்குழுவா, அரசு உத்தியோகமா?" என்பார். அரசு உத்தியோகத்தில் ஓய்வு வயது உண்டே என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொடுத்தால், அதையும் வாங்கித் தம் வாதத்தில் சேர்த்துக்கொள்வார். மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் 1961இல் சந்தித்த டார்ட்ஃபோர்ட் ரயில் நிலைய நடைமேடையில் 2015இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அவர்கள் இருவரும்தான் குழுவை உருவாக்கினார்கள் என்று அதில் இருந்தது. குழுவின் பழைய பேஸ் கிதார்காரர் பில் வைமன், உருவாக்கியது பிரையன் ஜோன்ஸ் அல்லவா என்று கொதித்துப் பேட்டி கொடுத்தார். பலகையை மாற்ற வேண்டியதாயிற்று. இதைச் சொல்லும்போது நம் ஆள் முகத்தில் ஒரு தெய்வீகக் களை வரும். ஒரு நகராட்சிப் பலகையில் ஒரு வினைச்சொல்லுக்காக நடந்த சண்டை, பாருங்கள், அவர் வாழ்க்கை முழுவதும் கனவு கண்டது அதைத்தான்.

மேடையை விட்டு இறங்குவது எப்படி என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் லெட் செப்பலின். 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்தார். டிசம்பரில் மற்ற மூவரும் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். கண்ணியம்! சரி, 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் பான்ஹமின் மகனை டிரம்ஸில் உட்காரவைத்து வாசித்தார்களே? அந்தக் கச்சேரியின் டிக்கெட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 2 கோடி என்று செய்தி வந்தது. அதில் ஒன்று இவருடையது. குலுக்கலில் பெயர் வரவில்லை. ஆகவே அந்தக் கச்சேரி கணக்கில் வராது.

குவீன் கழிவதற்குக் காரணம், அது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. டாக்சிக்காரருக்குப் பிடிக்கிறது, பல் டாக்டருக்குப் பிடிக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அவர் மனைவிக்குப் பிடிக்கிறது. 1985 ஜூலையில் வெம்ப்ளி லைவ் எய்ட் மேடையில் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இருபது நிமிடம் போல அத்தனை பெரிய கூட்டத்தைக் கையில் வைத்து ஆட்டியதை எவராலும் மறுக்க முடியாது. இவரும் மறுப்பதில்லை. "பான்ஹமின் தனி ஆவர்த்தனமே இருபது நிமிஷம் போகுமே" என்று மட்டும் சொல்வார். கிதார்காரர் பிரையன் மே 2007இல் விண்ணியற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியது இவருக்கு உறுத்தல். அதே பிரையன் மே பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து தன் கிதாரைச் செய்தார் என்பதைச் சொன்னால் ஒரு நொடி அமைதி. இந்த ஊரே பட்டறை ஊர். கையால் ஒன்றைச் செய்தவனை அவ்வளவு எளிதில் திட்ட வாய் வராது.

பிங்க் ஃப்ளாய்டை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் ராக் ஆகாது. 1973இல் வந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்' அமெரிக்க ஆல்பப் பட்டியலில் பதினாலு ஆண்டுக்குமேல் குடியிருந்ததே என்றால், அதை வாங்கியவர்கள் எல்லாம் புதிய ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்தவர்கள் என்பது அவர் தீர்ப்பு. 1976 டிசம்பரில் ஆல்பம் அட்டைக்காக லண்டன் மின்நிலையத்துக்கு மேலே பறக்கவிட்ட அவர்களுடைய ராட்சத பலூன் பன்றி அறுத்துக்கொண்டு வானத்தில் ஏறி, ஹீத்ரோ விமானங்களைக் குழப்பிவிட்டுக் கென்ட்டில் ஒரு பண்ணையில் இறங்கியதே, அதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் தருவார். டீப் பர்பிள் என்றால் "எந்த டீப் பர்பிள்?" என்பார். ஆட்கள் மாறி மாறி, ரசிகர்களே மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்று எண் போட்டுத்தான் பேசுகிறார்கள். அமெரிக்கக் குழுக்கள் பக்கம் போவதே இல்லை. என்னைக் கேட்டால் த ஹூ என்பேன். என்னை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் இந்த விசாரணை உச்சத்தில் இருந்தபோது பப்பின் பாட்டுப் பெட்டியில் யாரோ காசு போட, லெட் செப்பலின் பாட்டு ஒன்று முழங்கியது. நம் ஆள் எழுந்து போய்க் கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "கொஞ்சம் சத்தத்தைக் குறைம்மா, பேசறது கேக்கல" என்றார்.

இவருக்கு ஓர் எதிரி உண்டு. அதே வயது, அதே பின்மண்டை, அவர் பிளாக் சப்பாத். இருவரும் ஒரே பள்ளி. வேறு ஊரில் இந்தச் சண்டை வெறும் ரசனைச் சண்டையாக இருக்கலாம். பர்மிங்காமில் இது எல்லைத் தகராறு. சப்பாத்தின் நான்கு பேரும் ஆஸ்டன் பகுதிப் பையன்கள், நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள். செப்பலினில் பாடகர் ராபர்ட் பிளான்ட் வெஸ்ட் பிராமிச், பான்ஹம் ரெடிச், இரண்டும் பக்கத்து ஊர்கள். மீதி இருவர் லண்டன் பக்கம். "உன்னுடையது பாதிக் குழுதானே" என்று சப்பாத்காரர் ஆரம்பிப்பார். பிராட் தெருவில் கால்வாய்ப் பாலத்துக்கே 2019இல் பிளாக் சப்பாத் பெயரை வைத்து, நான்கு பேர் முகத்தோடு ஒரு பெஞ்சும் போட்டார்கள். "உங்களுக்கு எங்கே பாலம்?" என்பார். செப்பலின்காரர் அந்த பெஞ்சில் உட்கார மாட்டார். கால் வலித்தாலும் நின்றுகொண்டேதான் பேசுவார்.

கிளீவ்லாந்தில் உள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் செப்பலின் 1995இலேயே சேர்ந்துவிட்டது, சப்பாத் 2006இல்தான் என்பது செப்பலின்காரரின் துருப்புச் சீட்டு. எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று 1999இல் சப்பாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்பர்னே கேட்டார் என்பது சப்பாத்காரரின் பதில் சீட்டு. அப்புறம் அவர் கடைசி ஆயுதத்தை எடுப்பார். அதுதான் விரல்.

கிதார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளன்று இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. இடதுகைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை வலது கை. அதாவது போகக்கூடாத கை. பட்டறை மேலாளர் ஆறுதலுக்கு ஜாங்கோ ராயன்ஹார்ட் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கவைத்தார். ராயன்ஹார்ட் தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கியும் உலகப் புகழ் பெற்ற கிதார்காரர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்குக் குல்லாய் செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளைத் தேடிக் கட்டினார், பிறகு இழுவிசையைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். உலகத்து ஹெவி மெட்டல் முழுக்க அந்தக் குப்பியிலிருந்து வந்தது என்பார் சப்பாத்காரர். இதற்குச் செப்பலின்காரரிடம் பதில் கிடையாது. பீரைத் தொடுவது அப்போது மட்டும்தான்.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலேயே வில்லா பார்க் மைதானத்தில் சப்பாத்தின் கடைசிக் கச்சேரி. ஓஸியால் நிற்க முடியவில்லை, சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். சப்பாத்காரருக்கு முழங்கால் சரியில்லை என்பதால் துணைக்குப் போவதாகச் சொல்லிச் செப்பலின்காரரும் போனார். "சவுண்ட் சரியில்லை" என்றார் திரும்பி வந்து. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. 22ஆம் தேதி ஓஸி இறந்துபோனார். சவ ஊர்வலம் பிராட் தெருப் பாலத்தில் நின்றபோது இருவரும் கூட்டத்தில் இருந்தார்கள். அதன்பின் ஒரு மாதத்துக்குச் செப்பலின்காரர் சப்பாத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சப்பாத்காரருக்குத்தான் அது பொறுக்கவில்லை. "ஏதாவது பேசேன்யா" என்று கெஞ்சினார்.

அந்த இலையுதிர் காலத்தில் சப்பாத்காரர் மகளோடு ஸ்பெயினுக்குப் போயிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை பப்புக்கு ஓர் இளைஞன் வந்தான். மடிப்புக் கலையாத புது டி-ஷர்ட், மார்பில் அதே சிறகு மனிதன், சிறகோடு சேர்த்து முழுசாக. "செப்பலினை அடித்துக்கொள்ள ஆளே இல்லை" என்றான் பொதுவாக. செப்பலின்காரர் மகிழ்ந்து அவனுக்கு ஒரு பீர் வாங்கித் தருவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சப்பாத் கேட்டிருக்கியா?"

அப்புறம் நடந்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பாலம், பெஞ்சு, ஆஸ்டன், ஓஸியின் கோரிக்கை, பட்டறை, குப்பி என்று எதிரியின் வாதம் முழுவதையும் அவர் எதிரியைவிட நன்றாக எடுத்து வைத்தார். பையன் அரைமணி நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு, "சரி, ஒத்துக்கறேன். சப்பாத்தான் பெரிசு" என்றான்.

"இவ்வளவுதானா?" என்றார் செப்பலின்காரர், வேதனையோடு.

ஸ்பெயினிலிருந்து திரும்பியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நன்றி சொல்லவில்லை. தம் வீட்டு அடுப்படியில் அந்நியன் சமைத்ததுபோல முகம் போயிற்று.

"விரலைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எந்தக் கைன்னு சொன்னே?"

"இடது கை."

"வலது கைய்யா! ஐம்பது வருஷமா சொல்றேன், வலது கை!"

"எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் திருத்தறானான்னு பார்த்தேன். திருத்தலை. தப்பான சாட்சியத்தை வெச்சு வாங்கின தீர்ப்பு அது, செல்லாது" என்றார் செப்பலின்காரர். "உட்காரு. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பி."