திரும்பி வர ரூட் இருக்கா?

அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நெட்வொர்க் சார்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். ஆளைப் பிடிக்க வேண்டுமானால் சர்வர் ரூமுக்குப் போக வேண்டும். அங்கே அடிக்கிற ஏ.சி.க்கு மே மாதத்திலும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, நின்றபடியே லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருப்பார்.

ஆட்களின் பெயர் அவருக்கு மறந்துபோகும், ஐ.பி. முகவரி மறக்காது. "அக்கவுண்ட்ஸ் மேடமா? பத்து டாட் பத்து டாட் ஏழுல இருக்காங்களே, அவங்கதானே?" என்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு அறுபது இலை என்று யாராவது சொன்னால், "ஸ்லாஷ் 26 போதும், 62 வரைக்கும் தாங்கும்" என்று முணுமுணுப்பார். பக்கத்தில் இருப்பவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொள்வார்.

சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு ஒரு அவப்பெயர் உண்டு. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையையே துண்டிக்க, அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழி இணையத்திலிருந்தே காணாமல் போனது. இதை அத்தைக்கு விளக்க முயன்றார். "நீதானேப்பா நெட்வொர்க் பார்க்கிற?" என்று அத்தை கேட்டதோடு விளக்கம் முடிந்தது.

எந்தப் புகார் வந்தாலும் அவருடைய முதல் பதில் ஒன்றுதான்: "நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஒருநாள் புது சர்வர் வந்தது. அதற்கு இரண்டு நெட்வொர்க் கார்டு. முதல் கார்டு 10.10.5.20, இரண்டாவது 10.10.6.20. கேட்வே முதல் கார்டில் மட்டும். ஜூனியர் பையன் ஓடி வந்தான்.

"சார், ஆறாம் சப்நெட்ல இருக்கிறவங்க இரண்டாவது கார்டுக்குப் பிங் பண்ணா போகுது. அக்கவுண்ட்ஸ்ல இருந்து பண்ணா போகல. அதுக்கும் ஒரு கேட்வே போட்டுப் பார்த்தேன்."

"எடு அதை முதல்ல! இரண்டு டிஃபால்ட் கேட்வே போட்டா மெட்ரிக் கம்மியா இருக்கிறதுதான் ஜெயிக்கும். திரும்பி வர ரூட் இருக்கான்னு பார்த்தியா தம்பி?"

டி.சி.பி.டம்ப் ஓடியது. அக்கவுண்ட்ஸின் பாக்கெட்டுகள் இரண்டாவது கார்டில் வரிசையாக வந்திறங்கின. பதில் ஒன்றுகூட எந்தக் கார்டிலும் வெளியே போகவில்லை. சார் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

குற்றவாளி லினக்ஸின் ஆர்.பி. ஃபில்டர். அதன் மதிப்பு 1 என்று இருந்தால், வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் அது சோதிக்கும்: இந்த ஆளுக்குப் பதில் அனுப்புவதென்றால் இதே கார்டு வழியாகவா அனுப்புவோம்? ஏழாம் சப்நெட்டுக்குச் சர்வர் அறிந்த வழி முதல் கார்டு. ஆகவே இரண்டாவதில் வந்தவரை, கொல்லைப்புறமாக நுழைந்த விருந்தாளியைப் போல, சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். மார்ஷியன் லாக்கை முடுக்கி வைத்திருந்தால் "மார்ஷியன் சோர்ஸ்" என்று ஒரு வரி விழும். அக்கவுண்ட்ஸ் மேடத்தைச் செவ்வாய் கிரகத்துக்காரர் என்று கெர்னல் எழுதி வைத்திருப்பதைப் பையன் மேடத்திடம் சொல்லவில்லை.

மருந்து இரண்டே வரி. இரண்டாவது கார்டுக்கென்று 100 என்ற எண்ணில் தனி ரூட்டிங் டேபிள், அதில் 10.10.6.1 கேட்வே. 10.10.6.20 என்ற முகவரியிலிருந்து புறப்படும் எதுவும் அந்த டேபிளைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு ஐ.பி. ரூல்.

பையன் கட்டளையை அடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான்.

"எங்க போற? ரீபூட் ஆனா எல்லாம் போயிடும். நெட்பிளான் ஃபைல்ல எழுது. ஸ்பேஸ் சரியா விடு, டேப் அடிக்காதே. அப்புறம் அப்ளை போடாதே, ட்ரை போடு."

நெட்பிளான் ட்ரை கொடுத்தால், 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். ரிமோட்டில் உட்கார்ந்து டிஃபால்ட் ரூட்டை மாற்றி, தன் எஸ்.எஸ்.ஹெச். இணைப்பைத் தானே அறுத்துக்கொண்டு நள்ளிரவில் பைக் எடுத்துக்கொண்டு ஓடியவர்களுக்குத்தான் அந்த 120 வினாடியின் அருமை தெரியும். சார் என்டர் தட்டினார். அக்கவுண்ட்ஸுக்கு உயிர் வந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அப்ப பிரச்சினை நெட்வொர்க்லதான் இருந்திருக்கு?"

சார் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். "இல்ல சார். நெட்வொர்க் சரியாத்தான் இருந்துச்சு. சர்வருக்குத்தான் வழி தெரியல."