தோட்டா விக்கணுமா, பேராண்டி?

ஜிகணி கம்பெனியில புதுத் தோட்டா ஒண்ணு வரைஞ்சிருக்கேன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து நிக்கிற. சிவப்புக் கோடு, நீலக் கோடு, நடுவுல ஒரு பச்சைக் கோடு. "ஆயிரம் மீட்டர் போனாலும் வேகம் விழாது தாத்தா, காத்துல விலகாது"ங்கிற. பேங்க் வாசல்ல பன்னெண்டு போர் துப்பாக்கியை மாட்டிக்கிட்டு பாதி ஆயுசை ஸ்டூல்லயே ஓட்டினவன்டா நான். ஒருதரம்கூட சுட்டதில்ல. அதனால துப்பாக்கியைப் பத்தி யோசிக்க நேரம் மட்டும் ஏராளமா கெடைச்சுது.

உன் தோட்டா நல்ல தோட்டாதான், யாரு இல்லேன்னா? நல்லா இருக்கிறதால விக்கும்னு உங்க காலேஜ்ல யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க பாரு, அவங்களைத்தான் நான் பாக்கணும்.

பெங்களூர்லயே ஆரம்பிக்கலாம். கென்னத் ஆண்டர்சன் தெரியுமில்ல? விமானத் தொழிற்சாலையில வேலை, லீவு விட்டா நம்ம ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடு. ஆளைத் தின்ன புலியையும் சிறுத்தையையும் சுட்டு, 1954-ல புஸ்தகமும் போட்டார். அவர் கையில இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா. லேசுப்பட்ட தோட்டா இல்ல. 1904-ல வந்தது, 300 கிரெய்ன் குண்டு. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல ஆப்பிரிக்காவுக்கு சிங்கம் சுட இதைத்தான் எடுத்துட்டுப் போனார். ஜனாதிபதியே விளம்பரம்! இன்னிக்கு உங்க கம்பெனிக்கு அப்படி ஒருத்தர் கெடைச்சா காலண்டர் அடிச்சு ஊரெல்லாம் தொங்கவிட்டுருவீங்க.

ஆனாலும் செத்துப்போச்சு. ஏன்னா அதைப் போட்டுச் சுடறதுக்கு அந்த ஒரு மாடலை விட்டா பெருசா வேற துப்பாக்கி கெடையாது. 1930-கள்ல அந்தத் துப்பாக்கி செய்யறதை நிறுத்தினாங்க, 1950-கள்ல தோட்டாவும் நின்னுபோச்சு. ஆண்டர்சன் காட்டுல புலிக்குக் காத்திருந்த காலத்துலயே அவரோட தோட்டாவுக்குக் கெடு நெருங்கிடுச்சு. புதுசா ஒரு தானியம் கண்டுபிடிச்சு ராகியைவிட ருசின்னு சொல்லு, ஊர் மில்லுல அதை அரைக்க முடியாதுன்னா எவன்டா விதைப்பான்?

அதே காலத்து .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டைப் பாரு. 1912-ல வந்தது. மொதல்ல அந்தக் கம்பெனிக்காரன் தனக்கு மட்டும்னு இடுப்புல சொருகி வச்சிருந்தான். அப்புறம் புத்தி வந்து எல்லாரும் செய்யுங்கன்னு விட்டான். 1937-ல வின்செஸ்டர்காரனே தன் மாடல் 70-ல அதைப் போட்டான். இன்னிக்கும் உசுரோட இருக்கு.

இதுல நம்ம நாட்டு சர்க்காரும் மூக்கை நுழைச்ச கதை ஒண்ணு உண்டு. சீமைக்காரன் .450 போர் தோட்டா செஞ்சு யானை, காட்டெருமைன்னு சுட்டுக்கிட்டு இருந்தான். 1907 வாக்குல அந்த போர் இந்தியாவுக்குள்ள வரக்கூடாதுன்னு வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்டுது. பழைய மார்டினி ராணுவத் துப்பாக்கியும் அதே போர், கலகக்காரன் கைக்கு மருந்தும் குண்டும் போயிடும்னு பயம். இந்தியாதான் பெரிய சந்தை, வேட்டைக்கு வர்ற ராஜாவும் கலெக்டரும் இங்கதான். லண்டன் கடைக்காரன் சும்மா இருப்பானா? .465-ன்னான் ஒருத்தன், .475-ன்னான், .476-ன்னான், .470-ன்னான். இஞ்சுல நூத்துல ரெண்டு பங்கு கூட்டிட்டா சட்டத்துக்குக் கண்ணு தெரியாது! தோட்டாவை வரைஞ்சது இன்ஜினியர்னு நெனைக்கிற நீ. அந்த வருஷம் வரைஞ்சது குமாஸ்தா.

அத்தனையில எது ஜெயிச்சுது? .470. மத்ததைவிட பிரமாதம்னு இல்ல, எல்லாம் யானையைச் சாய்க்கிற ஜாதிதான். ஜோசப் லாங்குங்கிறவர் அதைப் பூட்டி வைக்காம, யார் வேணா துப்பாக்கி செய்யலாம்னு விட்டுட்டார். மத்தவங்க தங்க பேரை மட்டும் பொறிச்சுக்கிட்டாங்க. உங்க கம்பெனி வக்கீல் பேட்டன்ட்டு பேட்டன்ட்டுன்னு குதிக்கறார்னு போன வாரம் சொன்னியே, அவருக்கு இந்தக் கதையைச் சொல்லு. ஃபீஸ் கேட்டார்னா எழுந்து வந்துடு.

இன்னொண்ணு சொல்றேன், சிரிப்பு வரும். த்ரீ நாட் த்ரீ ராணுவத் தோட்டா, ஜனங்க வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம். சரி, லைசென்ஸ்காரனுக்கு எதைக் குடுக்கறது? ஆஸ்திரியா ராணுவத்துக்காக 1890 வாக்குல செஞ்ச எட்டு மில்லிமீட்டர் மன்லிச்சர் தோட்டாவைப் புடிச்சு, .315-ன்னு பேர் மாத்தினாங்க. பின்பக்கம் விளிம்பு இருக்கிறதால லீ-என்ஃபீல்டு மாதிரியான துப்பாக்கியில ஒழுங்கா உக்காந்துக்கிச்சு. ஆஸ்திரியாக்காரனே 1930-ல அதைக் கைவிட்டுட்டு வேற தோட்டாவுக்குப் போயிட்டான். இங்கே நம்ம சர்க்கார் தொழிற்சாலை இன்னும் .315 துப்பாக்கி போட்டுக்கிட்டு இருக்கு. வேகத்துல கடைசி பெஞ்சு, நீ போட்டுக் காட்டுற கோட்டுல அது தரையோட தரையா படுத்துக் கெடக்கும். ஆனா லைசென்ஸ் வச்சிருக்கிற மிராசுதாரைக் கேளு, அவர் சொல்றது .315-தான். த்ரீ நாட் த்ரீயை உத்தரப்பிரதேச போலீஸே 2020 குடியரசு தினத்தோட வழியனுப்பி வச்சுது. அதுக்கு மாத்தா ஜனங்ககிட்ட வந்த .315 இன்னும் வேலையில இருக்கு.

சட்டமும் துப்பாக்கியும் ரெண்டும் சாதகமா இருந்தும் கவுந்த கதை வேணுமா? 1955-ல அமெரிக்காவுல ரெண்டு கம்பெனி, ஆறு மில்லிமீட்டர்ல ஆளுக்கு ஒரு தோட்டா. வின்செஸ்டர் .243, ரெமிங்டன் .244. சத்தியமா சொல்றேன், .244-ல மருந்து கொஞ்சம் கூடக் கொள்ளும், வேகமும் கொஞ்சம் கூட. ஆனா ரெமிங்டன்காரன் குழலுக்குள்ள மரையை மெதுவா சுத்திட்டான், பன்னெண்டு அங்குலத்துக்கு ஒரு சுத்து. வின்செஸ்டர்காரன் பத்து அங்குலத்துக்கு ஒரு சுத்து. மெதுவா சுத்தினா நீளமான கனத்த குண்டு நேரா நிக்காது, தள்ளாடும். ஆக .244-ல சின்னப் பிராணிக்கான லேசுக் குண்டு மட்டும்தான் ஒழுங்கா போச்சு. .243-லயோ லேசும் போகும், மானுக்கான 100 கிரெய்னும் போகும். வருஷத்துக்கு ஒரு தரம் மான் சுடப் போறவன் ரெண்டு துப்பாக்கி வாங்குவானா? 1963-ல ரெமிங்டன் மரையை மாத்தி, பேரையும் மாத்தி, மறுபடி கடையில வச்சான். அதுக்குள்ள எல்லா கடை அலமாரியிலயும் .243 ஏறி உக்காந்துட்டுது.

பேரை மாத்தறதுல அவனுக்குக் கை அரிப்பு போலருக்கு. 1957-ல .280-ன்னு ஒரு தோட்டா விட்டான், நல்ல தோட்டா. விக்கலைன்னதும் 1979-ல '7 எம்எம் எக்ஸ்பிரஸ்'னு வச்சான். ஏற்கெனவே அவன்கிட்டயே '7 எம்எம் மேக்னம்'னு ஒண்ணு கடையில கெடக்கு! எதை எதுல போடறதுன்னு ஆளுங்க குழம்பவும், சில வருஷத்துல மறுபடி .280-க்கே வந்துட்டான். உன் தோட்டாவுக்கு எழுத்தும் எண்ணுமா ஒரு முழ நீளத்துக்கு வச்சிருக்கியே, அதைக் கமர்ஷியல் தெருக் கடைக்காரன் ஒருத்தன்கிட்ட வேகமா சொல்லிப் பாரு. அவன் திருப்பிச் சொன்னான்னா பந்தயம் வச்சுக்கலாம்.

நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும், "6.5 க்ரீட்மூர் ஜெயிக்கலையா தாத்தா"ன்னு கேப்ப. ஜெயிச்சுது. 2007-ல ஹார்னடி கம்பெனிக்காரன் விட்டான். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே 1997-ல .260 ரெமிங்டன் இருந்துச்சு, குண்டு ஒரே கனம், தூரத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஆனா .260-ல நீளமான குண்டை வச்சா .308-க்குச் செஞ்ச மேகசீன்ல முட்டும். க்ரீட்மூர் கூட்டைக் கொஞ்சம் குட்டையாக்கி குண்டுக்கு எடம் விட்டான். மரையை எட்டு அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னு மொதல்லயே வச்சான். போட்டிக்குச் சுடறவனுக்கு வேண்டிய தரத்துல தோட்டாவைப் பெட்டியிலயே போட்டு வித்தான், என்ன மருந்து எவ்வளவுங்கிற கைப்பக்குவத்தைப் பெட்டி மேலயே அச்சடிச்சும் குடுத்தான். வீட்டுல தானே தோட்டா கட்டறவனுக்கு இதைவிட என்ன வேணும்? வாங்கறவன் என்ன துப்பாக்கி வச்சிருக்கான், எங்கே தவிக்கறான்னு பாத்துட்டு அப்புறம்தான்டா தோட்டா வரைஞ்சான்.

உன் சந்தை எதுன்னு நெனைச்சுப் பாத்தியா? 1972 வனவிலங்குச் சட்டத்தோட வேட்டை போச்சு. மிராசுதார் .315-ஐ விட மாட்டார். மிச்சம் ராணுவமும் போலீசும். அவங்க போக்கும் பாரு: இன்சாஸ்னு ஒரு துப்பாக்கியை 5.56-ல நாமே செஞ்சோம், நம்ம திருச்சியிலயும் செஞ்சாங்க. அதை வச்சிருந்தவங்களே 2019-ல 72,400 சிக் சாவர் துப்பாக்கி வாங்கினாங்க, 7.62-க்கு 51, அதாவது 1954-ல நேட்டோ எடுத்துக்கிட்ட தோட்டா. அப்புறம் ஆறு லட்சத்துக்கு மேல ஏகே 203, அது இரண்டாம் உலகப்போர் காலத்து ரஷ்யத் தோட்டா. உங்க பெங்களூர் எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ்காரன் துப்பாக்கியைத்தான் புதுசா செஞ்சான், தோட்டாவுக்கு 7.62-ம் .338 லபுவாவும்னு ஊருக்கே தெரிஞ்சதை எடுத்துக்கிட்டான். வெளிநாட்டுக்குக்கூட ஏற்றுமதி ஆச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. கெட்டிக்காரன்.

நாளைக்கு உங்க மேனேஜரைக் கேளு. இருக்கிற துப்பாக்கியில குழலை மட்டும் மாத்திட்டு உன் தோட்டாவைப் போட்டா ஓடுமா, பழைய மேகசீனே போதுமான்னு. ஆமான்னார்னா அந்த லேப்டாப்பை இன்னொருதரம் தொற, பாக்கறேன். இல்லேன்னார்னா படத்தைக் கொண்டுபோய் உங்க அத்தைகிட்டக் காட்டு. அவதான் எதைக் காட்டினாலும் நல்லாயிருக்கும்பா.